பேரம் பேசாத சந்தை

விவசாயிகளே தங்கள் காயைக் கொண்டுவந்து விற்கும் உழவர் சந்தைக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் நிற்கும் இடம் விலைப்பலகை. தக்காளி, கத்திரி, வெண்டை, சின்ன வெங்காயம், தேங்காய் என்று அன்றைய விலை முழுக்க அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். என் மகள் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் நகர்வாள். எனக்கு அந்தப் பலகையின்மேல் பெரிய மரியாதை உண்டு. காய்கறி வாங்கும் இடத்தில் விலையைப் பற்றிய இழுபறியே இல்லாமல் செய்துவிட்டது அது. அந்தப் பேச்சு ஒழிந்ததும் வேறு பேச்சுக்கு இடம் கிடைத்தது. இது எந்தத் தோட்டத்துக் காய், எப்போது பறித்தது, இந்த மழைக்கு அவரை தாங்குமா, இந்தக் கீரையைக் கடையலாமா பொரிக்கலாமா என்று விற்பவரும் வாங்குபவரும் காயைப் பற்றியே பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு இருக்கும் முதல் காரணம் இந்தப் பேச்சுதான்.

நாங்கள் இருப்பது கோவையில். நான், கணவர், அத்தை, பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேரும் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் கிளம்புவோம். சிங்காநல்லூர், சுந்தராபுரம், வடவள்ளி என்று நகரில் வேறு உழவர் சந்தைகளும் இருக்கின்றன. ஆனால் அத்தை பிறந்து வளர்ந்தது தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்தில். அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள் என்பதால் அவருக்கு இந்தச் சந்தைதான் சந்தை. வீட்டில் அதிகம் பேசாதவர், இங்கே வந்துவிட்டால் ஒவ்வொரு கடையிலும் பத்து நிமிடம் நின்றுவிடுவார். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, பயிருக்கு என்ன மருந்து அடித்தார்கள், மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாளா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் காயைக் கையில் எடுப்பார்.

அந்த விலைப்பலகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மொத்த மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை, வெளியே சில்லறைக் கடைகளில் என்ன விலை என்று பார்த்துத்தான் சந்தை விலையை வைக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. அதாவது, மண்டியில் போட்டால் கிடைப்பதைவிட விவசாயிக்கு நாலு காசு கூட. தெருமுனைக் கடையில் கொடுப்பதைவிட நமக்கு நாலு காசு குறைவு. சில காய்களுக்குத் தரத்தைப் பொறுத்து இந்த விலையிலிருந்து இந்த விலைவரை என்று போட்டிருப்பார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். விற்பவரிடம் படத்தோடு அடையாள அட்டை இருக்க வேண்டும். அவருக்கு நிலம் எங்கே இருக்கிறது, என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அதிகாரிகள் பார்த்துவிட்டுத்தான் அட்டை கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று கலைஞர் ஆட்சியில் தொடங்கியது. பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' என்ற பெயரில் இப்படி ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. ஆந்திராவில் 'ரைத்து பஜார்' 1999 ஜனவரியில் வந்தது. நம் ஊரில் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு நடுவில் சில வருடம் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2006-க்குப் பிறகு மறுபடி எழுந்தன. அந்த இடைவெளியிலும் விடாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் இந்தச் சந்தைகளைக் காப்பாற்றினார்கள் என்று அத்தை அடிக்கடி சொல்வார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

பேரம் பேசுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் அம்மா பேரம் பேசியே குடும்பம் நடத்தியவர். கையில் இருந்த காசு அப்படி. ஆனால் பேரத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் பொய் சொல்லியாக வேண்டும். "அடக்க விலையே வரலைங்க" என்று அவர் சொல்ல வேண்டும், "அந்தக் கடையில் இதைவிடக் கம்மி" என்று நாம் சொல்ல வேண்டும். நல்ல கத்திரிக்காயைப் பார்த்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. உழவர் சந்தையில் அந்த அவசியம் இல்லை. கத்திரிக்காய் அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னால் வளர்த்தவர் முகம் மலர்கிறது, விலை ஏறுவதில்லை.

இன்னொன்று, பிள்ளையைத் தனியாக அனுப்பலாம். பத்து வயதுப் பெண்ணைச் சாதாரண மார்க்கெட்டுக்குள் பணத்தோடு அனுப்ப எனக்குத் தைரியம் வராது. இங்கே விலை எழுதிப் போட்டிருக்கிறது, மின்னணுத் தராசில் எடை தெரிகிறது, மீதிக் கணக்குப் போடத் தெரிந்தால் போதும். அரைக் கிலோ பீர்க்கங்காய், கால் கிலோ பச்சை மிளகாய் என்று சொல்லிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் இரண்டு கடை தள்ளி நிற்பேன். அவள் பலகையில் படித்த விலையை மனதில் வைத்துக்கொண்டு போவாள். தராசில் எண் நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். ஒருமுறை அரைக் கிலோவுக்குமேல் ஐம்பது கிராம் காட்டியது. "அரைக் கிலோதான் கேட்டேன் பாட்டி" என்றாள். அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டே, "அது உனக்கு நான் போட்டதுடா கண்ணு, அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். வரும் வழியெல்லாம் அந்த ஐம்பது கிராமைப் பற்றித்தான் பேச்சு. விலை எழுதியிருக்கும்போது ஏன் கூடப் போட்டார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்குப் பெயர்தான் கொசுறு என்று அத்தை சொல்லிக்கொடுத்தார்.

பேரம் இல்லாத இடத்தில் கொசுறு கேட்காமலே வருகிறது. கறிவேப்பிலை ஒரு கொத்து, கொத்தமல்லி நாலு தண்டு, கூடவே இரண்டு பச்சை மிளகாய். விலை குறைத்துக்கொடுப்பதில் இருக்கும் மனவருத்தம் இதில் இல்லை. கொடுக்கிறவர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கிறார்.

கடைகளில் நான் அதிக நேரம் நிற்பது கீரைக்கடையில். விடிந்தும் விடியாமலும் போனால்தான் கீரை கீரையாக இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் பறித்து, மண் போக அலசி, கட்டுக்கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, முதல் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். சாக்கைப் பிரிக்கும்போது வருகிற அந்தப் பச்சை வாசனை எட்டு மணிக்குமேல் இருக்காது. என் மகன் முதல் வகுப்புதான் படிக்கிறான். அவனுக்குச் சிறுகீரைக்கும் அரைக்கீரைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தது கீரை விற்கும் ஓர் அக்கா. கட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். சிறுகீரையின் அடியில் வேர் இருந்தது, அதில் செம்மண் ஒட்டியிருந்தது. அரைக்கீரையின் அடியில் கத்தியால் அறுத்த தண்டு மட்டும். "இதைப் புடுங்கிருவோம் சாமி. அதை அறுத்துட்டு வந்தா மறுபடி தழையும். இன்னும் பத்து நாள் கழிச்சு வா, அதே செடியில இருந்து இன்னொரு கட்டுத் தர்றேன்" என்றார். பையன் அன்று வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முளைக்கீரையிலும் வேர் இருப்பதை அவனே கண்டுபிடித்தான். பாடப்புத்தகத்தில் வேர், தண்டு, இலை என்று படம் போட்டு அம்புக்குறி இட்டிருப்பதைவிட இது நன்றாகப் பதிந்திருக்கிறது.

வெண்டைக்காய்க் கடையில் நான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். வெண்டை பிஞ்சா முற்றலா என்று பார்க்க நுனியை ஒடிப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொடுத்தால் முற்றல். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் ஒவ்வொன்றாக ஒடித்து, பாதியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். விற்கிற அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒடிக்காதீங்க. முத்துனதை நாங்களே பொறுக்கி வீட்ல போட்டுட்டுத்தானுங்க வர்றோம். நீங்க ஒடிச்சுப் போட்டுட்டுப் போனதை அடுத்தவங்க தொட மாட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வெண்டைச் செடியின் சுணை பட்டால் அப்படித்தான் அரிக்கும் என்று அத்தை சொன்னார். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், பறிக்காமல் விட்டால் காய் நாராகிவிடும். அதனால் கை அரித்தாலும், வீட்டில் விசேஷமானாலும், பறிக்கிற நாளில் பறித்தே ஆக வேண்டும். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் நுனியை ஒடிப்பதில்லை. எப்போது பறித்தது என்று கேட்கிறோம், சொல்கிறார்கள், நம்பி வாங்குகிறோம். சமைக்கும்போது முற்றல் என்று ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

அத்தையின் கண் வேறு மாதிரி வேலை செய்யும். காயைப் பார்ப்பதற்கு முன்னால் கடையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு தோட்டத்தில் ஒரு பருவத்தில் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நாலு காய்தான் வரும். கத்திரியும் தக்காளியும் மிளகாயும் ஒரு கடையில் இருந்தால் அது தோட்டம். ஒரே ஆள் முன்னால் பதினைந்து வகைக் காய் குவிந்திருந்தால் அது எங்கிருந்தோ வாங்கி வந்து விற்பது என்பது அவர் கணக்கு. மலைக்காய்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கேரட், உருளைக்கிழங்கு இதெல்லாம் எங்கள் பக்கத்துச் சமவெளித் தோட்டத்தில் அதிகம் வராது என்பதால் சுய உதவிக் குழுக்கள் கொண்டுவந்து விற்க அனுமதி இருக்கிறது. மற்றபடி, அத்தை நிற்பது இரண்டு மூன்று காய்களோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும். கூறு சின்னதாக இருக்கும், காய்கள் ஒரே அளவில் இருக்காது, கத்திரிக்காயில் ஒன்றிரண்டில் புழு ஓட்டைகூட இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மற்றதை எடுப்பார். நானும் அவரைப் பார்த்துப் பழகிவிட்டேன். பளபளப்பைப் பார்த்து வாங்குவதைவிட இது நல்ல வழி என்பது என் அனுபவம்.

வீட்டிலிருந்து பட்டியல் எழுதிக்கொண்டு போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். பட்டியலில் முருங்கைக்காய் இருக்கும், சந்தையில் இருக்காது. இருந்தாலும் யானை விலை, குதிரை விலை விற்கும். மழையில் பூ கொட்டிவிடுவதால் ஐப்பசி, கார்த்திகை தாண்டும்வரை முருங்கை வரத்து குறைந்துதான் இருக்கும். அதே சமயத்தில்தான் கொடி அவரை வர ஆரம்பிக்கும். பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் அது பூக்கும். மார்கழி, தை என்றால் பச்சை மொச்சை. எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரம் நன்றாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. அரசாணிக்காயும் (பரங்கிக்காய்) பச்சைத் தட்டைப்பயறும் ஒரே நாளில் கண்ணில் பட்டால் மதியம் என்ன குழம்பு என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழாது.

தக்காளியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது. வேறொரு மாதம் பார்த்தால், பறிகூலிக்கே கட்டாது என்று விவசாயி தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுகிறார், இல்லையென்றால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார். பக்கத்தில் கிணத்துக்கடவு தக்காளிக்குப் பேர்போன ஊர் என்பதால் இந்த ஏற்ற இறக்கம் எங்களுக்குச் செய்தித்தாளில் வருவதற்கு முன்பே சந்தையில் தெரிந்துவிடும். ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் விவசாயிக்குப் போய்ச் சேர்வது 33 ரூபாய் அளவில்தான். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37.

இதை என் கணவர் ஒருநாள் சந்தையில் வைத்தே மகளிடம் சொன்னார். "அப்ப மீதி 67 ரூபாய் யாருக்குப்பா?" என்று கேட்டாள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன், வழியில் நசுங்கி அழுகுவது, மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று அவர் விரலை மடக்கினார். இடையில் இருப்பவர்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்து தின்கிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூட்டை தூக்குகிறவரும் அந்த 67 ரூபாய்க்குள்தான் இருக்கிறார். ஆனால் விதை போட்டு, மூன்று மாதம் தண்ணீர் கட்டி, மழைக்கும் பூச்சிக்கும் பயந்தவர் பங்கு மூன்றில் ஒன்று என்பது நியாயமில்லை. உழவர் சந்தையில் அந்தப் பங்கு கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். நான் கொடுக்கிற நோட்டு அவருடைய மடியில் போய்ச் சேர்கிறது.

அதற்கு அவர் கொடுக்கும் விலையும் உண்டு. பறித்த கையோடு தூங்காமல் வந்து உட்கார வேண்டும். காலை முழுக்கத் தோட்ட வேலை நின்றுபோகும். கொண்டுவந்தது விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? அதனால் சந்தை கலைகிற நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த நேரத்துக்காகவே காத்திருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவரவர் பாடு அவரவருக்கு. கையில் காசு இருக்கிற நாங்கள் அப்படிப் போகக் கூடாது என்பது வீட்டில் பேசி முடிவெடுத்த விஷயம். சீக்கிரம் போவோம், பலகையில் இருக்கும் விலையைக் கொடுப்போம், முடிந்தவரை சில்லறையாகக் கொடுப்போம். காலை ஆறு மணிக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் எங்கே போவார்? பலரிடம் இப்போது ஜிபே இருக்கிறது. இருந்தாலும் வயதானவர்கள் பாதிப் பேர் போனை மகனிடமோ பேரனிடமோ கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள்.

பை அடுக்குவது என் கணவர் வேலை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. ஆனாலும் பையைக் கையில் கொண்டுவராமல் "ஒரு கவர் குடுங்க" என்று கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை. அது எனக்கு வருத்தம்தான். எங்களிடம் இரண்டு கட்டைப்பை, ஒரு வயர்க்கூடை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மஞ்சப்பை. தேங்காயும் அரசாணிக்காயும் கூடையின் அடியில், அதன்மேல் கத்திரி, பீர்க்கை, சுரை. தக்காளி தனிப் பையில், அதைப் பையன் தூக்க வேண்டும் என்று அடம்பிடிப்பான், கொடுப்போம். ஒன்றிரண்டு நசுங்கும். கீரைக்கட்டு எல்லாம் அத்தை கையில். வேறு யாரிடமும் தர மாட்டார்.

வீட்டுக்கு வந்து டிபனை முடித்ததும் ஹாலில் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டுவோம். அத்தை உத்தரவு போட ஆரம்பிப்பார். கீரை அன்றைக்கும் மறுநாளைக்கும் மட்டும். அரைக்கீரையை மதியமே சட்டியில் போட்டுக் கடைந்துவிட வேண்டும். வெண்டையை ஈரம் போகத் துணியில் உலர்த்தி, செவ்வாய்க்கிழமைக்குள் முடிக்க வேண்டும். பீர்க்கங்காய் தோலைத் தூக்கிப்போடக் கூடாது, துவையலுக்கு ஆகும். சுரைக்காயும் அரசாணியும் வாரக்கடைசி வரை தாங்கும், கீறிவிட்டால் தாங்காது. சின்ன வெங்காயத்தை முறத்தில் பரப்பிக் காற்றாட வைக்க வேண்டும். பழுத்த தக்காளியையும் காய்த் தக்காளியையும் பிரிப்பது மகள் வேலை. பழுத்ததில் பையன் நசுக்கியதையும் சேர்த்து அன்று சாயங்காலமே தொக்கு. திங்கள்கிழமை காலையில் அவள் டப்பாவில் இட்லியோடு போவது அதுதான்.